பழைய எம்எக்ஸ்-5: குலுக்கலைக் குறைக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

மலைப்பாதை:

வணக்கம். வண்டி 1992 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 இன்ஜின். பழைய உரிமையாளர் செய்த மாற்றங்களோடு கைக்கு வந்தது. விவரம்:

- உயரத்தை 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்
- வயது தெரியாத ஷாக்குகள் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்கள்), பின் இடது ஷாக்கில் எண்ணெய்க் கசிவு
- 205/40 ஆர்17 டயர், காற்று நான்கிலும் 32 பிஎஸ்ஐ
- விஷ்போன்களில் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கைகள்) பாலியூரிதேன் புஷ் (மூட்டுகளில் போடும் மெத்தை வளையம்)
- முன்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் (இடவலச் சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி)

பிரச்சினைகள் இவை. சின்ன ஒட்டுப்போட்ட சாலையில் இடைவிடாமல் படபடவென்று அடிக்கிறது. வேகத்தடையிலும் பாலத்து இணைப்பிலும் பின்பக்கம் 'டங்' என்று இடி விழுகிறது. மணிக்கு 100 கி.மீ. அருகே ஸ்டியரிங் நடுங்குகிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் தலை பக்கவாட்டில் வெட்டி இழுக்கிறது.

வளைவில் வண்டி திரும்பும் அழகு கெடாமல், நாலு மணி நேரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும் மாற்று செட்) போடுவதா, கம்பெனி ஸ்பிரிங்குக்கே திரும்புவதா? எந்த வேலையை முதலில் செய்வது?

ஸ்பேனர்17:

நீங்கள் சொன்னது நான்கும் நான்கு தனித்தனி கோளாறு. காயில்ஓவர் வாங்கினால் நான்கும் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

பின்பக்கத்து 'டங்'கை முதலில் எடுங்கள். இந்த வண்டியில் சவாரி முரடாவதற்கு ஸ்பிரிங்கின் கடினத்தைவிட, ஷாக் அமுங்க இடமில்லாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். ஷாக்கின் அடிமுனை விஷ்போனின் நடுப்பகுதியில் மாட்டியிருப்பதால் சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் ஏழு மி.மீ. சொச்சம் அமுங்கும். அப்படியென்றால் 35 மி.மீ. இறக்கியதில் ஷாக்குக்கு மேல்நோக்கி இருந்த நகர்வில் 25 மி.மீ. போய்விட்டது. கம்பெனி உயரத்திலேயே இந்த வண்டிக்கு நகர்வு தாராளம் கிடையாது; பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கி மோதாமல் தடுக்கும் துண்டு) சீக்கிரமே தொட்டு, இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதில் 25 மி.மீ. குறைந்தால் சாதாரணச் சாலையிலேயே வண்டி பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்து ஓடும்.

அந்த பம்ப் ஸ்டாப்பே இப்போது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அது நுண்துளை உள்ள பாலியூரிதேன் நுரை. முப்பது வருடத்தில் மக்கி, தொட்டால் உதிரும். தூசி உறையின் அடிப்பக்கம் மஞ்சள் நிறத்தில் தூள் தெரிந்தால் அது உதிர்ந்துபோன பம்ப் ஸ்டாப்தான். அது இல்லாவிட்டால் ஷாக்கின் உடல் மேல் மவுண்டில் (ஷாக்கின் தலையை வண்டியோடு பிணைக்கும் பகுதி) நேராக இரும்போடு இரும்பு மோதும். ஷாக்கையும் அது சீக்கிரம் கொன்றுவிடும்.

சோதிக்கும் வழி இது. தூசி உறையை மேலே தூக்கி, ஷாக்கின் தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டுங்கள்; கையால் தள்ளினால் நகரும் அளவு இறுக்கம் போதும். ஷாக் உடலைத் தொடும்வரை கீழே தள்ளி, உறையை விட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில் 15 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு டை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பின் அடிமுனை வரை போயிருந்தால் தொட்டிருக்கிறது. ஸ்டாப்பை நசுக்கிக்கொண்டு மேலேயே போயிருந்தால் உங்கள் குறை ஸ்பிரிங்கின் கடினம் அல்ல, இடப்பற்றாக்குறை. நான்கு ஷாக்கிலும் தனித்தனியாகப் பாருங்கள், முன்னும் பின்னும் வித்தியாசப்படும்.

கசியும் ஷாக்குக்குச் சோதனை தேவையில்லை, மாற்ற வேண்டும். பின்பக்கம் இரண்டையும் சேர்த்து. தண்டின் அருகே லேசான ஈரப்படலம் தெரிந்தால் அது கசிவு ஆகாது. எண்ணெய் உடல் நெடுக வழிந்து தூசி ஒட்டியிருந்தால்தான் கசிவு. மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பழைய முறையை நம்பாதீர்கள். முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். பாதி போன ஷாக் அதில் தேறிவிடும்.

நேர்கோடு:

100-ல் வரும் நடுக்கத்தையும் சின்னப் படபடப்பையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டுக்கும் சக்கரம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 185/60 ஆர்14. பக்கச்சுவர் உயரம் 111 மி.மீ. இப்போது இருக்கும் 205/40 ஆர்17-க்கு 82 மி.மீ. சாலையின் சொரசொரப்பை முதலில் வாங்கிக்கொள்வது டயர்தான். அந்த இடத்தில் கால்பங்குக்கு மேல் இழந்திருக்கிறீர்கள். ஷாக்கை எவ்வளவு விலையுயர்ந்ததாகப் போட்டாலும் அந்த வேலையை அது செய்யாது, ஏனென்றால் அத்தனை சிறிய, வேகமான அசைவுக்கு ஷாக் அநேகமாக நகர்வதே இல்லை.

எடையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு சக்கரத்தைக் கழற்றி வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 17 அங்குல அலாய் வீல், டயரோடு, 14 அங்குல ஜோடியைவிட மூலைக்கு நாலைந்து கிலோ கூடுதலாக இருப்பது சகஜம். டன்னுக்குக் குறைவான வண்டியில் அது பெரிய சுமை. ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடக் கூட, துள்ளி எழுந்த சக்கரத்தை அடக்க ஷாக் அதிகம் பாடுபட வேண்டும்.

14 அல்லது 15 அங்குலத்துக்கு இறங்குங்கள். 195/50 ஆர்15 போட்டால் பக்கச்சுவர் 97.5 மி.மீ., மொத்த விட்டம் 576 மி.மீ.; கம்பெனி டயரின் 578-க்குக் கிட்டத்தட்ட சமம், வேகமானியும் பிழையாகாது. சவாரிதான் முக்கியம் என்றால் 185/60 ஆர்14-ஐ மிஞ்சியது எதுவுமில்லை. போல்ட் இடைவெளி 4×100, கம்பெனி ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் உட்காரும் முகம்வரை உள்ள தூரம்) 45 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ.

காற்று 32 இந்த வண்டிக்கு அதிகம். கதவுப் பட்டியில் ஒட்டியிருக்கும் அளவு 26 பிஎஸ்ஐ, அது 14 அங்குல டயருக்குச் சொன்னது. 15 அங்குலத்துக்கும் 26-லிருந்து 28 வரை போதும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஆனால் இப்போதுள்ள 40 வரிசை டயரோடு 26-க்கு இறக்காதீர்கள், கூர்மையான பள்ளத்தில் ரிம் வளைந்துவிடும். அதுவரை 29, 30 வைத்திருங்கள்.

டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத் தேதிக் குறியையும் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். பத்து வருடம் தாண்டிய ரப்பர், பூ (தரையைத் தொடும் பள்ளமேடுகள்) தேயாமல் இருந்தாலும் மரக்கட்டை மாதிரிதான்.

நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த 54.1 துளை. வெளியிலிருந்து வாங்கிய ரிம்களில் துளை பெரிதாக இருக்கும்; நடுவில் போடும் வளையம் இல்லாவிட்டால் சக்கரம் மயிரிழை விலகி உட்காரும். இந்த மாடல் எடை குறைவு என்பதால் பேலன்ஸ் கோளாறைப் பெரிதாக்கிக் காட்டும். வளையம் போட்டு, ஹப்பின் (சக்கரம் மாட்டும் சுழலும் மையம்) முகத்தில் உள்ள துருவைத் தேய்த்து எடுத்து, பிறகு பேலன்ஸ் செய்யுங்கள். பேலன்ஸ் சரியாக இருந்தும் நடுங்கினால், உருளை வைத்து அழுத்திப் பார்க்கும் பேலன்ஸ் இயந்திரத்தில் டயரின் உருண்டைத்தன்மையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இருவிஷ்போன்:

காயில்ஓவர் கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கையில் பார்த்தால் குழப்பம் இருக்காது.

இந்த வண்டியின் ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஸ்பிரிங்கின் கடினத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், 10-க்கு ஏழு சொச்சம் என்று மேலே சொன்ன விகிதத்தின் வர்க்கம் அது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் காயில்ஓவர் செட்டுகளில் முன் ஸ்பிரிங் 8 கிலோ/மி.மீ., அதாவது 78 நியூட்டன்/மி.மீ. சக்கரத்தில் அது சுமார் 42. வண்டியின் உடல் வினாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்ற அதிர்வெண் கணக்குப் போட்டால் 2.2 ஹெர்ட்ஸ். சாலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இதமான எல்லை 1.4-லிருந்து 1.7 வரை. 2-ஐத் தாண்டினால் உடம்பு நொந்துபோகும். எனவே விலை மலிவு, உயரம் மாற்றலாம் என்பதற்காக 8 கிலோ ஸ்பிரிங் உள்ள செட்டை வாங்கினால் இப்போதிருப்பதைவிட மோசமாகும்.

காயில்ஓவரே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பக்கம் 50 நியூட்டன்/மி.மீ. சுற்றிலும் ஸ்பிரிங், குட்டையான ஷாக் உடல், நல்ல நீளமான தண்டு, இவை மூன்றும் இருந்தால் 1.75 ஹெர்ட்ஸில் வண்டி அருமையாகப் போகும். வாங்கும்போது கேட்க வேண்டியது "எத்தனை கிளிக்" (ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் படிகள்) என்பதல்ல; ஷாக்கின் மொத்த நகர்வு எத்தனை மி.மீ., ஸ்பிரிங் எத்தனை, இவ்வளவுதான். இந்த இரண்டையும் சொல்லாத செட்டை விட்டுவிடுங்கள்.

பின்பக்க அதிர்வெண் முன்பக்கத்தைவிட பத்துப் பதினைந்து சதவீதம் அதிகமாக இருக்கட்டும். இந்த வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,265 மி.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் மேட்டைத் தொட்ட பிறகு பின்சக்கரம் தொட பத்தில் ஒரு வினாடி ஆகும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் அந்தத் தாமதத்தைப் பிடித்துவிடும். உடல் முன்னும் பின்னும் தூக்கிப் போடாமல் சமமாக எழுந்து அடங்கும். வீல்பேஸ் சின்னதான இந்த மாதிரி வண்டியில் இதைக் கவனிக்காமல் விட்டால் ஊஞ்சலாட்டம் நிற்காது.

தலை பக்கவாட்டில் வெட்டுவதற்குக் காரணம் அந்தத் தடித்த பார். பாரின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 19 மி.மீ. பாரை 22 ஆக்கினால் மூன்று மி.மீ.தானே என்று தோன்றும், விறைப்போ 80 சதவீதம் ஏறிவிடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது பார் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் இறங்கினால் மற்றதையும் பிடித்து இழுக்கும். கம்பெனி பாரை மாட்டுங்கள். தேய்ந்த லிங்க்கில் (பாரின் முனையைக் கோர்க்கும் துண்டு) 'டொக் டொக்' வரும், அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

மலைப்பாதை:

நன்றி. கேபிள் டை கட்டிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டிலும் பம்ப் ஸ்டாப்பே இல்லை. டை மேல் மவுண்டை முட்டி நிற்கிறது. முன்பக்கம் ஸ்டாப் பாதி இருக்கிறது, அதையும் தாண்டிப் போயிருக்கிறது. ரிம்மில் நடு வளையமும் இல்லை.

15 அங்குலத்துக்கு மாறுகிறேன். கம்பெனி உயர ஸ்பிரிங், புது ஷாக், புது பம்ப் ஸ்டாப் என்று முடிவு செய்திருக்கிறேன். ஷாக்கில் எந்த வகை எடுப்பது? மாட்டும்போது கவனிக்க வேண்டியவை என்ன? பாலியூரிதேன் புஷ்ஷை எடுத்துவிட்டு ரப்பர் போட வேண்டுமா?

ஸ்பேனர்17:

ஷாக்: பில்ஸ்டைன் பி6 கம்பெனி உயரத்துக்கானது; ஒற்றைக் குழாய், அழுத்த வாயு நிரப்பியது. உடலை நன்றாக அடக்கும், சின்ன மேட்டில் கொஞ்சம் விறைப்பு தெரியும். பி8 வகை இறக்கிய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. நீங்கள் கம்பெனி உயரத்துக்குப் போவதால் அது வேண்டாம். கோனி ஸ்போர்ட் இரட்டைக் குழாய், ரீபவுண்ட் (ஷாக் விரியும்போது காட்டும் தடை) மட்டும் மாற்றலாம். மிக மென்மையான அளவில் வைத்து ஆரம்பித்து, வண்டி மிதப்பதுபோல் இருந்தால் மட்டும் கால் சுற்று கூட்டுங்கள். ரீபவுண்டைத் தேவைக்கு மேல் இறுக்கினால், அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காமல் வண்டி படிப்படியாகக் கீழே இறங்கிப் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். 'விறைப்பாக இருக்கிறது' என்று பலர் சொல்வது இதைத்தான். சவாரிக்கே முதலிடம் என்றால் என் தேர்வு கோனி.

இரண்டாம் தலைமுறை வண்டியின் மேல் மவுண்டையும் யோசியுங்கள். பெரிய ரப்பர், ஷாக்குக்குக் கூடுதல் நகர்வு. அதன் ஸ்பிரிங் இருக்கை, பம்ப் ஸ்டாப், வாஷர் எல்லாம் சேர்ந்த முழு செட்டாக எடுங்கள். உங்கள் ஷாக் தண்டின் விட்டமும் தோளும் அதற்குப் பொருந்துகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கழற்றும்போது:

முந்தின நாளே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பின்பக்கம் கீழ் விஷ்போனையும் ஹப் தாங்கியையும் கோர்க்கும் நீண்ட போல்ட் உள்ளேயே இறுகிப்போவது இந்த வண்டிக்குப் பேர்போன தொல்லை. முடிந்தால் அதைத் தொடாமலே ஷாக்கை வெளியே எடுங்கள். பின் ஷாக்கின் மேல் நட்டுகள் டிக்கிக்குள் லைனிங்கை விலக்கினால் தெரியும்.

ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறி மாறி அரைச் சுற்று கையால் இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கி வேண்டாம். இருக்கையிலிருந்து ஸ்பிரிங் தளர்ந்து கையால் சுழலும்வரை நடு நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

ஷாக்கின் தண்டை இடுக்கியால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் போதும், சீல் கிழிந்து புது ஷாக் சில மாதத்தில் கசியும். தண்டின் தலையில் இருக்கும் தட்டையான பகுதியில் ஸ்பேனர் போட்டுப் பிடியுங்கள்.

இனி புஷ். பாலியூரிதேனை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை, முதலில் சோதியுங்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் வெளியே இருக்கும்போது ஆன்டி-ரோல் பார் லிங்க்கையும் கழற்றிவிட்டு, விஷ்போனைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடைக்கே வழுக்கி இறங்கினால் நல்லது. தூக்கிய இடத்திலேயே நின்றாலோ, விட்டுவிட்டு இறங்கினாலோ புஷ் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்பு இருக்கும்வரை சின்ன மேட்டில் சஸ்பென்ஷன் அசையாமலே நின்று, அடியை நேராக உடலுக்குக் கடத்தும். உங்கள் படபடப்பில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். கழற்றி, நடுக்குழாயைச் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸ் பூசி மாட்டினால் சரியாகும். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் போடக்கூடாது. ஆனால் இந்த வேலை திரும்பத் திரும்ப வரும். ஒரே தடவையில் முடிய வேண்டுமென்றால் கம்பெனி ரப்பர்தான்.

ரப்பர் போட்டால் இதை மறக்காதீர்கள்: ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கத்தான் செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் எல்லா புஷ்ஷும் முறுக்கியபடியே நிற்கும். உயரமும் தப்பாகும், சவாரியும் விறைக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளை லேசாக மாட்டி, கீழ் விஷ்போனுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருக்க வேண்டிய உயரத்துக்குத் தூக்கி, அந்த நிலையில் கடைசி இறுக்கம் கொடுங்கள். மையத்திலிருந்து அளந்தால் டயர் அளவு மாறினாலும் கணக்கு மாறாது. ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு ஸ்டாண்டும் கட்டாயம்.

நேர்கோடு:

கீழ் விஷ்போனின் உள்பக்க போல்ட்டுகள்தான் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்கள்) சரிசெய்யும் வட்டத்தட்டு போல்ட்டுகள். தளர்த்துவதற்கு முன் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலைன்மென்ட் கடைவரைகூட நேராகப் போகாது. சில போல்ட்டுகள் புஷ் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். சம்மட்டியால் அடித்தால் புரி நசுங்கும். அறுத்தெடுத்துப் புதிது போடுவதே வழி, அதனால் ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பியுங்கள்.

அலைன்மென்ட்டை உடனே செய்யாமல், நூறு இருநூறு கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு செய்யுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான பாரம் இருக்க வேண்டும். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) கழித்தல் அரை டிகிரியிலிருந்து ஒன்றுவரை, பின்பக்கம் அதைவிடச் சற்று அதிகம். டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) முன்னும் பின்னும் மொத்தம் 1 முதல் 3 மி.மீ. உள்நோக்கி. கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சின் சாய்வு) இடமும் வலமும் ஒன்றாக இருக்கட்டும். டோ வெளிநோக்கி இருந்தால் மோசமான சாலையில் ஸ்டியரிங் சாலையின் ஒவ்வொரு தடத்துக்கும் இழுபட்டு ஓடி, ஓட்டுபவரைச் சோர்வாக்கிவிடும்.

திறந்தகூரை:

ஒன்று விட்டுப்போயிற்று. கூரை இல்லாத வண்டி என்பதால் உடலே முறுக்கும். டாஷ்போர்டும் கண்ணாடிச் சட்டமும் இருக்கையோடு சேராமல் தனியாக ஆடுவதுபோல் தெரிந்தால் அது சஸ்பென்ஷன் கோளாறு இல்லை. வண்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாகப் போகும் சட்டங்களைப் பாருங்கள். மெல்லிய மடிப்புத் தகடு அது. தப்பான இடத்தில் ஜாக்கி கொடுத்து நசுங்கிப்போன வண்டிகள் ஏராளம். நசுங்கிய சட்டத்தின் மேல் கவிழ்த்து போல்ட் செய்யும் வலுவூட்டு சட்டம் கிடைக்கிறது. எடை கொஞ்சம்தான், பலன் நன்றாகத் தெரியும். 1.8 இன்ஜின் வந்தபோது மஸ்டாவே உடலுக்குக் கூடுதல் பிரேஸ்கள் (விறைப்பூட்டும் தாங்கிகள்) கொடுத்தது.

கதவு மூடும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் தேய்ந்திருந்தாலும் கடகடக்கும். ஷாக்கும் டயரும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு இந்த வேலைக்கு வாருங்கள். அதற்கு முன் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது.

இருவிஷ்போன்:

புது ஷாக் மாட்டியதும் அதே கேபிள் டையை மறுபடி கட்டி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பைத் தொடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். டை ஸ்டாப்பின் நீளத்தில் பாதிக்குள் நின்றால் போதும். முழு நீளமும் நசுங்கினால், ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன் உயரத்தை அளந்து பாருங்கள்: பழைய கம்பெனி ஸ்பிரிங்காக வாங்கியிருந்தால் அது தளர்ந்துபோயிருக்கலாம்.